தரையில் இரண்டு ஓட்டைகள்

என் அக்காவின் கணவர் ஒரு காரை ஒன்பது வருடம் பழுது பார்த்தார். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அதை ஓட்டவில்லை. இதைக் கேட்டுச் சிரித்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தவன்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அத்தான் லிப்ட் மெக்கானிக். ஒரே கம்பெனியில் முப்பத்தொரு வருடம். பேச்சு குறைவு. எதையும் நான்கு முறை அளந்துவிட்டுத்தான் தொடுவார். அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களை அதட்டுவது அவள் தொழில். அந்தக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் இவள் மிதித்துவிடுவாள். அவர் தடுமாறுவதற்கு முன்பே மிதித்துவிடுகிறாள் என்று ஒரு புகாரும் உண்டு. 'பிரேக் டீச்சர்' என்றால் எங்கள் பக்கத்தில் யாரானாலும் வீட்டைக் காட்டுவார்கள்.

அந்தக் கார் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிடந்தது. லிப்டைப் பார்க்க மாதாமாதம் போகும் இடம். தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று, அதன்மேல் உடைந்த சைக்கிள், பழைய மெத்தை, யாரோ கழித்துப் போட்ட வாஷிங் மெஷினின் மூடி. இரண்டு வருடம் பார்த்தும் பார்க்காமலும் போனவர், ஒரு நாள் தார்ப்பாயைத் தூக்கினார். அறுபதுகளில் வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது, கதவு தொடை உயரம்கூட வராது. சொந்தக்காரர் இறந்துபோயிருந்தார். அவருடைய மகளைத் தேடிப் பிடித்து, முறையாகக் கையெழுத்து வாங்கி, ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அக்காவிடம் "சின்ன வேலைதான்" என்றாராம்.

சின்ன வேலை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டை முழுதாக விழுங்கிவிட்டது. நம்மிடம் இருக்கும் ஸ்பேனர் எதுவும் அந்த நட்டுகளுக்குப் பொருந்தாது. எல்லாம் இஞ்ச் கணக்கு. அதற்கென்று ஒரு செட் தேடி வாங்கினார். பேட்டரியை அதில் தலைகீழாக மாட்ட வேண்டும், பிளஸ் முனைதான் பாடியோடு சேரும். அது தெரியாமல் எவனோ ஒயரையெல்லாம் கருக்கி வைத்திருந்தான். கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவு மூச்சு விடுகின்றனவா என்று ரப்பர் டியூபின் ஒரு முனையை அங்கே வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். அந்த நேரத்தில் யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால் தொலைந்தார்கள்.

வெளியே சிவப்பாக இருந்த கார், டாஷ்போர்டுக்கு அடியில் வெளிர் நீலமாக இருந்தது. அதுதான் பிறந்த நிறம் என்று சொல்லி, சிவப்பு முழுவதையும் சுரண்டினார். ரேடியோ மாட்டுவதற்காகப் பழைய சொந்தக்காரர் போட்ட ஓட்டைகளை அடைக்க ஒரு மாதம். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால், நடந்தது கொலை என்று நினைப்பீர்கள். ஆனால் அவருக்கு மிகப்பெரிய பெருமை காரின் தரைதான். அந்த வகைக் காரில் முதலில் துருப்பிடித்து உதிர்வது தரைத்தகடு. இதில் மட்டும் யாரோ தாரை அப்பி வைத்திருந்ததால், சுரண்டிப் பார்த்தபோது பழைய தகடு பழுதில்லாமல் வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அது தகடாகத்தான் தெரிந்தது. ஆகா என்றேன்.

ஆறாவது வருடம் லிப்டின் அடிக்குழியில் கால் வழுக்கி விழுந்தார். இடது முழங்காலில் சீழ் வைத்து, மூன்று ஆபரேஷன் முடிந்து, கடைசியில் எலும்பை நேராக வைத்து ஒட்டிவிட்டார்கள். இனி வலிக்காது, மடங்காது என்றார் டாக்டர். கார் ஆசை இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆறே வாரத்தில் மனிதர் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து காருக்கு அடியில் போய்விட்டார். படுத்துச் செய்யும் வேலைக்கு முழங்கால் எதற்கு?

கிளட்சை மிதிக்கத்தான் அது வேண்டும். இதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கார் முடிந்தபோது ஓட்டிப் பார்த்தது அக்காதான். அவள் தெருவில் போய்விட்டு வருவாள். அவர் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்பார், பிறகு எதையோ அரைத் திருகு திருப்புவார். தான் கட்டிய காரின் சத்தத்தை அவர் வெளியிலிருந்து மட்டுமே கேட்டிருந்தார்.

ஒரு நாள் விற்கப் போவதாகச் சொன்னார். ஓட்ட முடியாத காரை வைத்துக்கொண்டு தினமும் தூசி தட்டவா என்று கேட்டார். பார்க்க வந்தவர்களில் ஒரு பல் டாக்டர் மட்டும் விஷயம் தெரிந்தவர். தொழிலுக்கு வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியையே எடுத்து வந்து, தரையில் குப்புறப் படுத்து, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் காரின் அடியை இஞ்ச் இஞ்சாகப் பார்த்தார். எழுந்தபோது சட்டையெல்லாம் புழுதி, முகமெல்லாம் சந்தோஷம். இப்படிப்பட்ட தரைக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் என்றார். கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டு, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் அத்தான் ஷெட்டில் ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிட்டுக் குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அந்த ஒன்பது வருடத்தில் அவர் தனக்கென்று வாய்விட்டு ஆசைப்பட்டது இது ஒன்றுதான். நேராகப் போய் அக்காவிடம் சொன்னேன்.

மறுநாள் சாயந்திரம் அக்கா ஒரு பழைய பெடலைக் கொண்டுவந்து ஷெட்டு மேஜையில் வைத்தாள். கழித்துக் கட்டிய ஸ்கூல் காரிலிருந்து கழற்றிய அவளுடைய கிளட்ச், கேபிளோடு. கேபிளை இந்தக் காரின் கிளட்சில் கோர்த்துவிட்டால் பக்கத்து சீட்டிலிருந்து அவள் மிதிப்பாள், மற்றதெல்லாம் அவர் பார்த்துக்கொள்ளலாம். வலது கால் நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். அத்தானின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பெடலைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சம் போய்விட்டது. அதைப் பொருத்தக் காரின் தரையில் இரண்டு போல்ட் முடுக்க வேண்டும்.

"தரையில ஓட்ட போடணும்," என்றார்.

"ரெண்டுதாங்க."

"அந்தத் தரையப் பார்த்துத்தான் அவர் வாங்குறார்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் அது உங்க கார்தானே?"

மூன்று நாள் பெடல் மேஜையிலேயே கிடந்தது. அக்காவும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். வியாழக்கிழமை எனக்குப் போன் வந்தது. லைட் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்.

போனேன். பென்சிலால் இரண்டு புள்ளி வைத்திருந்தார். டிரில்லை எடுத்தவர் கீழே வைத்துவிட்டு மறுபடி அளந்தார். மறுபடி எடுத்து மறுபடி வைத்தார். ஐந்தாவது முறை அளந்தபோது, விட்டுவிடலாம் அத்தான் என்றேன். அவர் டிரில்லை அழுத்திவிட்டார். ரேடியோ மாட்டியவனை என்னவெல்லாம் திட்டினோம் என்பது எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது. இரண்டாவது ஓட்டைக்கு அவர் அளக்கக்கூட இல்லை.

மறுநாள் காலை அவரை உள்ளே ஏற்றினோம். ஸ்டியரிங்கைக் கழற்றி, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, செருப்பில்லாத இடது காலை முதலில் நீட்டி, நான் கக்கத்தில் பிடித்துக்கொள்ள, அக்கா இடுப்பைத் தள்ள, ஒரு வழியாக இறங்கினார். அந்தக் காரில் காலை நீட்டித்தான் உட்கார வேண்டும். மடங்காத காலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. ஸ்டியரிங்கைத் திரும்ப முடுக்கினோம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவது என்று பேச்சு. நான் ஸ்கூல் காரில் பின்னால் போனேன். உள்ளே பேசிக்கொண்டதெல்லாம் பிறகு அக்கா சொன்னது.

வாசலிலேயே இரண்டு முறை குலுங்கி நின்றது. கியர் போடுவதற்கு முன்னால் சொல்லச் சொன்னாள் அக்கா. சொல்ல மாட்டேன், கையைப் பார்த்து மிதி என்றார் அத்தான். இருபத்தாறு வருடமாக அந்த சீட்டில் உட்கார்ந்து ஊருக்கே உத்தரவு போட்டவளுக்கு, அந்த சீட்டில் உத்தரவு விழுந்தது அன்றுதான். முதல் கிலோமீட்டர் முழுக்க கியர்பாக்ஸ் பல்லைக் கடித்தது, பின்னால் வந்த நானும் கடித்தேன். அவள் முந்தினால் இவர் பிந்துவார், இவர் முந்தினால் அவள் பிந்துவாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தபோது சத்தம் நின்றுவிட்டது. அப்போது அவள் அவருடைய கையைப் பார்த்துக்கூட மிதிக்கவில்லையாம். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே மிதித்தாளாம்.

தொட்டியில் அவர் திரும்பவில்லை. நேராக ஆற்றுப் பாலத்துச் சாலையில் ஏறிவிட்டார்.

"திரும்புங்கன்னு சொல்ல வாயெடுத்தேன்," என்றாள் அக்கா. "மூஞ்சியப் பார்த்தேன். சரி போகட்டும்னு விட்டுட்டேன்."

பாலம் தாண்டி, செங்கல் சூளை தாண்டி, அதற்கு அப்பாலும் போனார்கள். வளைவில் உள்ளே வெட்டித் திருப்பினார், இன்டிகேட்டர் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். டெஸ்ட்டில் இப்படி ஓட்டினால் நேராகப் பெயில் என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். முன்னால் போன இரண்டு தலைகளைப் பார்த்துக்கொண்டே நானும் போனேன். வீடு வந்தபின் அவரை வெளியே எடுப்பது உள்ளே வைத்ததைவிடப் பெரும்பாடாக இருந்தது. நான் இழுக்க இழுக்க அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பெடலைக் கழற்றி, ஓட்டைகளில் ரப்பர் மூடி வைத்தார். மேலே கம்பளத்தை விரித்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நான் என் புத்தியைக் காட்டினேன். காது கேட்காதவர்போல் போனை எடுத்து, பல் டாக்டரிடம் விஷயத்தை இரண்டே வரியில் சொல்லி முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். மறுபடி குப்புறப் படுத்தார், மறுபடி கண்ணாடி. எழுந்தபோது முகம் செத்திருந்தது.

"ஒரு ரவுண்டுக்காகவா சார் இந்தத் தரைய இப்படிப் பண்ணீங்க?"

"முப்பத்தெட்டு கிலோமீட்டர், டாக்டர்," என்றார் அத்தான்.

விலையில் ஒரு பெரிய துண்டு விழுந்தது. நானாக இருந்தால் மல்லுக்கட்டியிருப்பேன். அத்தான் சரி என்று தலையாட்டி, சாவியைக் கொடுத்து, சோக்கை எப்போது தள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். டாக்டர் வண்டியை எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம்.

தெருமுனைக்கு முன்னால் கியர் மாற்ற வேண்டிய இடம் வந்தது. அக்காவின் இடது கால் செருப்போடு தரையை அழுத்தியது. அதற்குப் பிறகுதான் அங்கே வண்டி கரகரவென்று அரைத்துக்கொண்டு திரும்பியது. தான் செய்தது அவளுக்கே தெரியவில்லை. அத்தான் காரைப் பார்க்கவில்லை, அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கரெக்டாத்தான் மிதிச்சே," என்றார். "அந்த ஆளுதான் லேட்டு."