சாராயத்துக்குக் கீழ்விலை வைத்த வருஷம்

தேங்காய்ப்பட்டணத்தை ஒட்டிய எங்கள் கரையில் மீன் பிடிப்பது ஆண்கள் வேலை. விற்பதும் காசை முடிந்துகொள்வதும் பெண்கள் பாடு. அந்திக்குச் சாராயக்கடைக்குப் போக அவரவர் புருஷனுக்கு நாங்கள்தான் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுப்போம். வழக்கமான காசுதான், மேலே கேட்டால் சண்டை. என் வீட்டுக்காரர் அதில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் பாடிக்கொண்டே வந்து, சோறு தின்று உறங்குவார். பாட்டு சகிக்காது, அது வேறு கதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சர்க்கார் எங்கள் கரைக்கு இரண்டாவது கடையை ஏலம் விட்டது. வந்தது வினை. பழைய கடைக்காரன் விலையைக் குறைத்தான். புதியவன் அதற்கும் கீழே இறங்கினான். பக்கத்தில் பக்கத்தில் கூடை இறக்கிய இரண்டு மீன்காரிகள் முறைத்துக்கொண்டால் மீன் விலை என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா? நான் கொடுத்த அதே காசுக்கு இப்போது மூன்று கிளாஸ். பாட்டு நின்றுபோனது. அவரைத் தூக்கிவர ஆள் வேண்டியிருந்தது. விடிந்தால் கை நடுங்கும்.

கட்டுமரத்தில் கூடப் போகிற இருவரில் மூத்தவர் ஒருநாள் வாசலில் நின்று சொல்லிவிட்டார்.

"மக்கா, இந்தக் கையை வச்சுக்கிட்டு அலை தாண்ட ஒக்காது. உன்னால நாங்களும் சாவணுமா? தெளிஞ்சா வா. இல்லேன்னா வேற ஆளப் பாக்கோம்."

மரத்தில் போகாதவனுக்குப் பங்கு கிடையாது. போனாலோ, அலையில் போய்விடுவாரோ என்று பயம். காசை நிறுத்திப் பார்த்தேன். "ஊர்ல எல்லாவனுக்கும் பெண்டாட்டி குடுக்கா. வழக்கத்தை மாத்த நீ யாருட்டி?" என்று சோற்றைத் தொடாமல் கிடந்தார். ஊர் சிரிக்குமே என்று மறுபடி கொடுத்தேன்.

அப்போதுதான் பறையடித்துச் சொன்னார்கள்: இனி சாராயத்துக்குச் சர்க்கார் வைத்ததுதான் கீழ்விலை, அதற்குக் குறைத்து விற்றால் கடை பறிபோகும். இரண்டாவது கடை வருமுன் இருந்த விலையையும்விடக் கூடுதல். குடிக்கிறவன் எப்படியும் குடிப்பான், போவது எங்கள் கஞ்சிதான் என்று பெண்கள் நாங்கள் ஏசிய ஏச்சில் பறையடித்தவன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

அன்று அந்தியில் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"ஏட்டி, வெலை ஏறியாச்சு. கூட்டித் தா."

"கடைக்காரன் ஏத்தினா நானும் ஏத்தணுமா? வழக்கத்தை மாத்த நான் யாரு?"

முணுமுணுத்துக்கொண்டே போனவர் கையிலிருந்த காசு ஒரு கிளாஸுக்கும் போதாமல் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்து, குழம்பில் புளி கூடிப்போச்சு என்றார். எவ்வளவு நாளாயிற்று அவர் குழம்பைக் குறை சொல்லி! எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைக்காரர்கள் ஆள் பிடிக்க அவித்த மரச்சீனிக் கிழங்கைச் சும்மா கொடுத்துப் பார்த்தார்கள். கிழங்கு தின்றால் போதை ஏறுமா?

மெல்ல மெல்ல நடுக்கம் விட்டது. ஒரு விடியலில் மூத்தவர் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். துடுப்பைக் கொடுத்தார்.

அன்று கடல் கொஞ்சம் முரடாக இருந்தது. உச்சி வெயிலில் கூடையோடு கரையில் நின்றேன். கரைக்குத் திரும்பி வந்த மரம் அலைக்குள் புகுந்து மறைந்தது. அலை உடைந்து மேலே வந்தபோது மூன்று தலை தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"ஏட்டி, எழும்பு. மீன் கெடக்கான்னு பாரு" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

அன்று மீன் கிடந்ததா என்று நான் பார்க்கவே இல்லை.