பூஜை போட்ட கூபேயும் நான் கேட்டு வாங்கிய மாலையும்

…அப்புறம் என்ன? கோயில் வாசலில் அத்தனை பேர் பார்க்க, அந்த யார்டுக்காரர் என் கழுத்தில் மாலையைப் போட்டார். போட்டுவிட்டு முழித்தார் பாருங்கள் ஒரு முழி!

இருங்கள், நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். உங்களிடம் எனக்கு எப்போதும் இதே வழக்கம்தான். வேலி ஓரம் நிற்கிற பக்கத்து வீட்டுக்காரியிடம் யாராவது முன்னுரையா சொல்வார்கள்? வழக்கம்போல இந்த வாரப் பத்தியையும் நான் சொல்லச் சொல்ல எங்கள் தெருப் பெண் சுமதி எழுதிக்கொள்கிறாள். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. கோபப்படத் தெரியும். இந்த வாரம் அது நிறையவே இருக்கிறது.

என் மகன் பழனிசாமியின் பெண் திவ்யா. பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு கார் ஆசை. சும்மா கார் இல்லை — ஸ்போர்ட்ஸ் கூபே. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, பின்பக்கம் சரிந்த கூரை. மற்ற குழந்தைகள் ஸ்கூல் டப்பாவில் பூ ஸ்டிக்கர் ஒட்டினால் இவள் அந்தக் காரை ஒட்டுவாள். புதிதாக வாங்கக் கட்டாது, செகண்ட் ஹேண்ட்தான். எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் போய்வர டீசல் என்று அவளே முடிவு செய்தாள். சொந்தச் சம்பாத்தியம். சொந்த ஆசை. இதில் அடுத்தவருக்கு என்ன?

ஆனால் சொந்தக்காரர்கள் என்று ஒரு கூட்டம் எதற்கு இருக்கிறது?

"பொட்டப்புள்ளைக்கு என்னத்துக்குங்க ரேஸ் வண்டி?" என்றார்கள். "ரெண்டு கதவு வண்டில குடும்பம் எப்படிங்க போறது?" என்றார்கள். என்னமோ இவர்கள் எல்லோரையும் அவள் ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போகப்போகிற மாதிரி! பழனிசாமியும் அதைக் கேட்டுக் கேட்டு ஒரு சட்டம் போட்டான்.

"ஒரே ஒரு வண்டி பாக்கலாம் அம்மிணி. அது நொட்டைன்னா அத்தோட பேச்சு முடிஞ்சுது. பொறவு நான் சொல்ற வண்டியத்தான் எடுக்கோணும்."

ஒரே ஒரு வண்டி! நியாயத்தைப் பாருங்கள். ஒரு ஜாக்கெட் துணி எடுக்கவே கடையில் பாதியை இறக்கச் சொல்கிற குடும்பம் இது.

அந்த ஒரே வண்டி கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டில் பழைய கார் விற்கிற ஒரு யார்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொன்னார் யார்டுக்காரர். வாடகைக் காரில் போகிற வழியெல்லாம் திவ்யா எனக்குப் பாடம் நடத்தினாள். நான் கேட்டேன், அதனால்தான் சொன்னாள்.

"டீசல் இஞ்சினோட குணம் அது ஆறிக் கெடக்கறப்பத்தான் தெரியும் அப்பத்தா. ராத்திரி பூரா நின்ன வண்டிய காலைல மொதல்ல ஸ்டார்ட் பண்ணிப் பாக்கோணும். சூடா இருந்தா எந்த நோஞ்சான் இஞ்சினும் சாவிய ஒருக்கா திருப்புனாலே எந்திரிச்சுக்கும்."

"மனுசனாட்டம்தான். அப்பறம்?"

"பானெட்டத் தெறந்து ஆயில் மூடியக் கழட்டிப் பாக்கோணும். இஞ்சின் ஓடறப்ப அதுல இருந்து குபுகுபுன்னு புகை வந்தா உள்ள தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். டர்போல சைரனாட்டம் சத்தம் வரப்படாது. கூபே கதவு நீளம், கனம் ஜாஸ்தி. தெறந்து லேசா தூக்கிப் பாக்கோணும், கீல் தொங்கிருக்கும். வண்டி தாழ்வு, நம்மூரு ரோட்டு ஹம்ப்பு மேட்டுல அடிவயிறு தேஞ்சிருக்கும். டார்ச் அடிச்சுப் பாக்கோணும்."

எத்தனை அழகாகச் சொன்னாள்! எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. முன்சீட்டில் இருந்த பழனிசாமி கொட்டாவி விட்டான்.

போய் இறங்கினால்… வண்டி யார்டிலேயே இல்லை. எதிரே பிள்ளையார் கோயில் வாசலில் நிற்கிறது. கல்யாண மாப்பிள்ளை தோற்றான்! முன்பக்கம் இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரை யானைத் தும்பிக்கைத் தடிமனில் செவ்வந்தி மாலை. பானெட்டில் சந்தனம். கண்ணாடி ஓரத்தில் குங்குமம். உள்ளே டேஷ்போர்டில் ஒரு கட்டு ஊதுபத்தி புகைகிறது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"வாங்க சார், வாங்க! உங்களுக்குன்னே நல்ல நேரம் பாத்து பூஜை போட்டுட்டனுங்க" என்றார் யார்டுக்காரர். நெற்றி நிறைய விபூதி.

பழனிசாமி காருக்கே கும்பிடு போட்டான். நானும்தான் போட்டேன், மறைப்பானேன்? சாமி காரியம் என்றால் கை தானாகக் கூடிவிடுகிறதே.

திவ்யா மட்டும் கையில் டார்ச்சோடு நின்றாள். "அண்ணா, இஞ்சின ஆஃப் பண்ணுங்க. ஆறுன பொறவு ஸ்டார்ட் பண்ணிப் பாக்கோணும்."

யார்டுக்காரர் அவளைப் பார்க்கவே இல்லை. பழனிசாமியைப் பார்த்துச் சொன்னார். "நல்ல நேரத்துல எழுப்புன இஞ்சினுங்க சார். உடனே நிறுத்துனா நல்லா இருக்காதுங்க."

"சரி, பானெட்டத் தெறங்க."

"பூஜை மாலைங்க சார். சாயந்தரம் வரைக்கும் எடுக்கப்படாதுங்க."

"அந்தக் கண்ணாடி ஓரத்துலதான் சேஸிஸ் நம்பர் இருக்கும். குங்குமத்தத் தொடைச்சாப் போதும். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல குடுத்தா வண்டி எத்தன கிலோமீட்டர் ஓடிருக்குதுன்னு சொல்லிருவாங்க."

"குங்குமத்தைத் தொடைக்கிறதா! ஏன் சார், உங்க பாப்பாவுக்குக் கலர் புடிச்சிருக்குதான்னு கேளுங்க சார்."

பாப்பாவாம். இடுப்பு பிடித்த ஆம்பிளைகளையெல்லாம் எழுப்பி நடக்கவைக்கிற பெண்ணுக்குப் பெயர் பாப்பா! கேள்வி கேட்பது அவள், வாங்கப்போவது அவள். பதில் மட்டும் சாருக்கு. சாருக்கோ டிராக்டரைத் தவிர ஒன்றும் தெரியாது.

அந்த சார் என்ன சொன்னான் தெரியுமா? "அவருதான் இத்தன சொல்றாருல்ல அம்மிணி? மங்களகரமா இருக்குது. விடு."

திவ்யாவின் முகம் சுருங்கிவிட்டது. அவளும் நம் வீட்டில் வளர்ந்த பெண்தானே. சாமிக்குப் போட்ட மாலையை இழுத்துப் போட அவளுக்குக் கை வருமா? டார்ச்சை அணைத்துவிட்டாள்.

அந்த டார்ச் அணைந்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்லி விற்பவர்களை நான் பார்த்ததில்லையா? கத்தரிக்காய் விற்பவனிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இந்த ஆள் பிள்ளையாரை அல்லவா சேல்ஸ்மேன் ஆக்கியிருக்கிறார்! எங்கெல்லாம் கை வைத்துப் பார்க்க வேண்டுமோ, அங்கெல்லாம் சாமியை உட்காரவைத்துவிட்டார்.

சரி, எனக்கும் கோயில் தெரியும். சாமிக்குச் சாத்திய மாலை சாமியிடமேயா இருக்கிறது? பூசாரி எடுத்து வயசானவர்களுக்குப் போடுவார். பிரசாதம்.

"ஏனுங்க தம்பி, அந்த மாலைய எனக்குப் போட்டு உடுங்க. பேத்தி வண்டி வாங்கறா. சாமி மாலை பெரியவிய கழுத்துல உளுந்தாத்தான அவளுக்கு நல்லது?"

"ஆத்தா, அது… வேற மாலை வாங்கித் தரேனுங்க."

"சாமிக்குப் போட்டது குடுக்க மாட்டீங்களா?" என்று கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமை, கோயிலில் கூட்டம். எல்லோரும் திரும்பினார்கள். பிரசாதம் கேட்கிற கிழவிக்கு இல்லை என்று சொல்ல எவனால் முடியும்?

கழற்றினார். போட்டார். முழித்தார்.

மாலை போன இடத்தைப் பார்த்தால்… பானெட்டுக்கும் பம்பருக்கும் நடுவே என் விரல் நுழைகிற இடைவெளி. ஒரு பக்கம் மட்டும். எங்கோ பலமாக இடித்து, ஒட்டிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் அத்தோடு விட்டேனா? "ஊதுபத்திய நானே சாமிக்கு வெச்சர்றேன்" என்று அந்தக் கட்டையும் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளையார் முன்னால் குத்திவிட்டு வந்தேன். அதற்குள் காருக்குள் தலைவிட்ட திவ்யா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். நனைந்த சாக்கு நாற்றம்!

இப்போது பாருங்கள் என் பேத்தியை. டார்ச் மறுபடி எரிந்தது. சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தாள். மேல்பாதி பளபள. சுருளுக்குள் கிடந்த நுனியில் செம்மண் கறை.

"வெள்ளத்துல முழுகுன வண்டிங்களா இது?"

"காப்பி கொட்டிருச்சுங்க" என்றார் — இந்தமுறை அவளைப் பார்த்து!

"மடில கொட்டாத காப்பி சுருட்டி வெச்ச நுனில எப்படிங்க கொட்டும்?" என்று கேட்டது நானில்லை. செருப்பு மாட்டிக்கொண்டிருந்த யாரோ ஒரு அம்மா. கோயில் கூட்டம் மொத்தமும் இப்போது எங்கள் பக்கம்.

திவ்யா சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினாள். இனி ஆற வேண்டும். நான் மாலையும் கழுத்துமாகக் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். யார்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். "வேற பார்ட்டி வர்றாங்க" என்றார். வரட்டுமே, அவர்களும் பார்க்கட்டும் என்றேன். பானெட் கைக்கு ஆறியபிறகு திவ்யா ஸ்டார்ட் செய்தாள். கர்… கர்… கர்… ஒன்றுமில்லை. மறுபடியும். இருமிக்கொண்டு ஒருவழியாக எழுந்தது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பிக் கோயில் வாசலையே மூடிவிட்டது.

"பஞ்சாயத்துல கொசு மருந்து அடிக்கறாங்களாட்ட இருக்குது!" என்று ஒரு குரல். சிரிப்பு அடங்கவே இல்லை.

"இஞ்செக்டரா, கம்ப்ரஷனா, கூலன்ட் உள்ள போகுதான்னு பிரிச்சாத்தான் தெரியும்" என்றாள் திவ்யா. சாவியை யார்டுக்காரர் கையில் வைத்தாள். "வேண்டாமுங்கண்ணா."

இத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்கு இன்று இத்தனை ஆத்திரம் இருக்காது.

திரும்பி வரும்போது பழனிசாமி வாயைத் திறந்தான். "நான்தான் சொன்னனே. பேசுனபடி ஒண்ணு பாத்தாச்சு. நாளைக்கே நான் சொன்ன வண்டிக்கு புக் பண்ணிருவோம்." முகத்தில் ஒரு நிம்மதி வேறு! திவ்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

வந்ததே எனக்கு!

"ஏண்டா, நீ வாங்குன போர் மோட்டார் எத்தன தடவ புகைஞ்சுது? உன்ன எவனாவது 'ஆம்பளப் பையனுக்கு மோட்டார் என்னத்துக்கு'ன்னு கேட்டானா? 'ஒண்ணு வாங்கிப் பாத்தாச்சு, இனி ஏத்தம் எறை'ன்னு சொன்னானா?"

"அம்மா, அது வேற…"

"என்னடா வேற? அந்த வண்டிக்குக் கும்பிடு போட்டது நீ. வேண்டாம்னு சாவியக் குடுத்தது அவ. அவ ஏமாறுலடா. ஏமாறாம வந்திருக்கா. அதுக்கா தண்டனை?"

டிரைவர் ரேடியோவை நிறுத்திவிட்டார். 

உங்களைத்தான் கேட்கிறேன். ஒரு பெண் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போனால், முதல் தடவையே சரியாக இருக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? ஆண்கள் நஷ்டப்பட்டால் அனுபவம். பெண்கள் நஷ்டப்படாமல் தப்பித்தால்கூட "நான்தான் சொன்னேனே." இது என்ன கணக்கு?

நேற்று திவ்யா இன்னொரு கூபேயைக் கண்டுபிடித்தாள். மலைமேல் பள்ளிவாசல் என்கிற ஊரில் ரிசார்ட் நடத்துகிற ஒரு அம்மாவுடையது. ஃபோனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். அந்த அம்மா நேராகவே பேசினார். "மலை வண்டி தாயி. பிரேக்கு, கியர்பாக்ஸு எல்லாம் நல்லா பாத்துக்கோ. டர்போ ஒருக்கா மாத்தியிருக்கேன், பில்லு இருக்கு. மெக்கானிக்கக் கூட்டிட்டு வா, ஏத்தத்துல ஓட்டிப் பாரு. பிடிக்கலன்னா டீ குடிச்சுட்டுப் போ."

திவ்யாவைத் தாயி என்றார். அவளிடமே பேசினார். எனக்கு அந்த வண்டியை அப்போதே பிடித்துவிட்டது! "அதெல்லாம் கணக்கில்ல அப்பத்தா, நொட்டைன்னா இதையும் வேண்டாம்பேன்" என்றாள். அதுதான் என் பேத்தி.

பழனிசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தூணைச் சுரண்டியபடி நின்றான். சம்மதம் என்று சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மிணி… ஏத்தத்துல ஓட்டறப்ப என்னத்தப் பாக்கோணும்?" என்று கேட்டான்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். சோறு காய்ந்துபோகிற அளவுக்குச் சொன்னாள். குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை…

அடடா, தூறல் விழுகிறதே! வாசல் நிறையத் தேங்காய்ப் பருப்பு காயப்போட்டிருக்கிறேன். சுமதி, பேனாவைப் போடு, கூடையை எடு… ஓடு!