தூக்க முடியாத தொட்டி

பிலிமத்தலாவையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் ஆறு வாத்துகள் வளர்த்தோம். நான்கு பெட்டை, இரண்டு ஆண். வீட்டுச் சொந்தக்காரர் முதலில் வாத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசம் என்ற அகன்ற பாத்திரத்தில் நாங்கள் வைத்த தண்ணீர்தான் வேண்டாம் என்றார். கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவர், பக்கத்து வீட்டில் கோழி வளர்த்தார். கோழிக்குத் தரை காய்ந்திருக்க வேண்டும். வாத்தையும் அவர் நீண்ட அலகு வைத்த கோழியாகத்தான் பார்த்தார்.

"கோழி குடிக்கிற தட்டே போதும் தம்பி. பேசம் வெச்சா சேறு. சேறு வந்தா நாத்தம்."

"அதுக்குத் தல முங்கணும் முதலாளி," என்றாள் என் மனைவி. "இல்லாட்டி கண்ணு ஒட்டிக்கும்."

"அப்ப குளிக்கச் சவர்க்காரமும் தொடைக்கத் துவாயும் வைங்களே தங்கச்சி!"

சிரித்துக்கொண்டே போனார். ஆனால் நான் கண்டியில் வேலையிலும் மனைவி சந்தையிலும் இருந்த ஒரு பகலில், பேசத்தைக் கவிழ்த்து மதிலோரம் சாத்திவிட்டு, கோழித் தட்டை வைத்துவிட்டார்.

நான் திரும்பியபோது பெரிய ஆண் வாத்து அந்தத் தட்டை மறித்து நின்றது. கிட்டே வந்த பெட்டைகளின் பிடரியைக் கொத்தியது. ஒன்றின் கழுத்தில் இறகே இல்லை. மூக்குத் துளைகளில் தவிடு காய்ந்திருந்தது, கண்ணோரம் நுரை. இன்னொரு பெட்டை, தொண்டையில் தவிடு அடைத்து, கழுத்தை நீட்டி வாய் பிளந்து நின்றது.

மதிலுக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"பாத்தீங்களா? நோய். என்ட கோழிக்குத் தொத்த முந்தி எல்லாத்தயும் வித்துருங்க. இல்லாட்டி ஊட்டக் காலி பண்ணுங்க."

பேசத்தை நிமிர்த்தி அவர் பார்க்கவே நிரப்பினேன். வாய் பிளந்து நின்றது முதலில் தலையை முக்கியது. இரண்டு தரம் விழுங்கியது. பிறகு மூக்கால் குமிழி விட்டது. மற்றவையும் கழுவிக்கொண்டன.

"இது நோயில்லை, தாகம்," என்றேன். "வாத்தும் போகாது, நாங்களும் போகப் போறதில்ல."

பெரிய ஆணை மட்டும் கம்பளையில் நிறையப் பெட்டைகள் வைத்திருந்த ஒரு நண்பரிடம் கொடுத்தேன். நான்கு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். இரண்டு இருந்தால் பெட்டைகளுக்குத்தான் காயம். வீட்டுச் சொந்தக்காரர் அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

"அப்ப ஒண்ணு ஒண்ணா போகுது."

"சண்டக்காரன், அதான் அனுப்பினோம்," என்றாள் மனைவி. "எல்லாச் சண்டக்காரங்களையும் அனுப்ப முடியாதே முதலாளி."

வாடகை வீட்டில் ஆணி அடிக்கவும் கேட்க வேண்டும். நாங்கள் கேட்காமலே கொத்தனாரைக் கூட்டிவந்து தரையில் சிமெந்துத் தொட்டி கட்டினோம். சுற்றிச் சரளை போட்டோம். அழுக்குத் தண்ணீர் அவருடைய வாழைகளுக்கே ஓடும்படி வாய்க்கால் வெட்டினோம். சேறு இல்லை, நாற்றமும் இல்லை.

அவர் வந்து தொட்டியைக் காலால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"ஊட்ட விட்டுப் போறப்போ இத என்ன செய்வீங்க?"

"யார் போறாங்க?" என்றாள் மனைவி, வாத்துகளுக்குக் கீரை அரிந்தபடி.

நான் தொட்டிக்குத் தண்ணீர் திறந்தேன். ஐந்தும் அவர் காலை உரசிக்கொண்டு ஓடிவந்து இறங்கின. வேட்டி நனைய, அவர்தான் விலகி நின்றார்.