பைபர் எண்டா பைபர்தானே

பாலாவிச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்த பிறகு என் வலது பாதம் தானாக மேலே எழும்பாது. கொழும்பில் செய்து தந்த பிரேஸ்தான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. குதிகாலுக்கு அடியில் தொடங்கிக் கெண்டைக்காலின் பின்னால் ஏறி நிற்கும் மெல்லிய கறுப்புத் தகடு அது. பிளாஸ்டிக்குக்குள் கார்பன் நார் ஓடுகிறது. கையில் எடுத்தால் பாரமே தெரியாது, ஆனால் என் முழு உடம்பையும் தாங்கும். அந்தத் தகடு குதிகாலுக்குச் சற்று மேலே பிளந்துவிட்டது. புதியது வர மாதக்கணக்காகும் என்றார்கள்.

நான் மருத்துவமாது, ஊர்ச் சனத்துக்கு மிஸ்ஸி. கற்பிட்டியின் மணல் ஒழுங்கைகளில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதுதான் வேலை. நடக்க முடியாவிட்டால் என் பகுதியை வேறொருவருக்குக் கொடுத்து, என்னைப் புத்தளத்தில் ஒரு மேசை வேலைக்கு மாற்றுவதாக எங்களுக்குப் பொறுப்பான மேடம் சொல்லிவிட்டார். மேசையாம்! நிறைமாத வயிற்றைத் தொட்டுப் பிள்ளையின் தலை எங்கே என்று சொல்லும் கை, முத்திரை குத்தவா? கதிரையில் இருக்கப் பிடிக்காமல் எழும்புவேன், நிற்க முடியாமல் மறுபடி இருப்பேன். மாமியிடம் தேத்தண்ணி கேட்டு வாங்கிவிட்டுக் குடிக்காமல் ஆற விடுவேன். காற்றுக் காலம் வேறு, பின்கதவு சும்மா சும்மா அடித்துக்கொண்டு கிடந்தது. அந்தக் கதவையும் ஏசினேன்.

என் கணவர் கரையில் மீன்பிடி போட் திருத்துகிறவர். எங்கள் ஊரில் போட்டும் பைபர், தண்ணீர்த் தாங்கியும் பைபர், நார் தெரிகிற எல்லாமே பைபர். உடைந்தால் ரெசின் பூசி ஒட்டலாம், வேறு கதை இல்லை.

"இதுக்கா இவ்வளவு ஒப்பாரி? பைபர் எண்டா பைபர்தானே புள்ள. நாளைக்கு ஒட்டித் தாறேன்" என்றார்.

தேய்த்து, நார்ப்பாய் வைத்து, ரெசின் பூசிக் கொண்டுவந்தார். பார்க்க அவ்வளவு அழகு. கட்டிக்கொண்டு வாசல் படலை வரை போனேன். டக்கென்று ஒரு சத்தம். ஒட்டு, ஆறின புண்ணின் பொருக்குப் போல முழுசாகக் கழன்று வந்தது. மதிலைப் பிடித்திருக்காவிட்டால் முகங்குப்புற விழுந்திருப்பேன்.

"ரெசின் இறுக ஊத்தின ஹார்ட்னர் காணாது போல. கூட்டிப் போட்டாப் புடிக்கும்."

கூட்டிப் போட்டார். அதுவும் கழன்றது.

"உங்கட போட்டுகள ஒட்டுங்க, என்ட கால விட்டுருங்க!" என்று கத்தினேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்குப் போய்விட்டார்.

உடைந்ததை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. கொழும்பில் அளவு பார்த்தவர் இதன் ஓரத்துக்குச் சூடான காற்றை ஊதி, இளக்கி, என் கணுக்காலுக்குத் தோதாக வளைத்துத் தந்தார். ஆறியதும் அப்படியே நின்றது. இறுகிய ரெசின் ஒருக்காலும் இளகாது, சூடாக்கினால் கருகும். ரெசின் மணக்கிற மனிசனோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்துகிறேன், அதுகூடவா தெரியாது?

"இஞ்சாருங்க, இது உங்கட பைபர் இல்ல. சூட்டுக்கு இளகுது. இத ஒட்டுறல்ல, உருக்கிச் சேக்கணும்" என்றேன், அவர் கரையிலிருந்து வந்ததும்.

"ஓம் ஓம், நீங்க இப்ப எஞ்சினியர்."

என்றாலும் கொழும்பில் முதலில் செய்து தந்து, காலுக்கு இறுக்கமாகிப்போன என் பழைய பிரேஸில் ஒரு துண்டு வெட்டிச் சூடு காட்டிப் பார்த்தார். வளைந்து கொடுத்தது. அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இத முந்தியே சொல்ல வாய் இல்லயா?" என்று என்மீதே பாய்ந்தார்.

பழையதிலிருந்து வெட்டிய துண்டுதான் ஒட்டு. மற்ற இடம் வளையாமல் சுற்றிலும் ஈரத் துணி. இரண்டு முகமும் உருகி மினுங்கும் வரை சூடு காட்டி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு இறுக்கினார். தொட்டுப் பார்த்து, "நல்லாச் சுடுது, புடிச்சிட்டு" என்று கிளாம்பைக் கழற்றினார். ஒட்டு பப்படம் போல உப்பி வாயைத் திறந்தது. ரெசின் இறுகும்போது தானாகவே சுடும். சுட்டால் வேலை முடிகிறது என்பது அவருடைய கைக்குப் பழகிய கணக்கு. இதில் சுடும் வரைக்கும் ஒன்றுமே சேரவில்லை என்று அர்த்தம்.

மறுபடி உருக்கினார், மறுபடி இறுக்கினார். இந்த முறை கிளாம்பின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன். அல்லாஹ்வே, அந்தக் காத்திருப்பு! திறந்து பார்க்கச் சொல்லி என் விரலே என்னை அரித்தது. அவர் நடந்தார், இருந்தார், வெற்றிலையைத் துப்பினார், "ஆறிட்டா?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தார். தகடு என் உள்ளங்கைக்குக் குளிரும் வரை நான் விடவில்லை.

பிடித்திருந்தது. அவர் முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தார், அசையவில்லை. பல நாள் வீட்டுக்குள்ளேயே சுவரோரமாக நடந்து பழகினேன். பிறகு ஒரு காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். மணல் காலை வாரப் பார்த்தது. ஒவ்வோர் அடிக்கும் பயந்தேன், பயந்துகொண்டே போனேன். முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் வாசலுக்குப் போனதும் போன் அடித்தது. மேடம். இடமாற்றக் கதைதான்.

"எங்க நிக்கிறீங்க?" என்றார். போனில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்பதுதான்.

"நிக்கிறேன் மேடம்" என்றேன். குனிந்து என் வலது காலைப் பார்த்தேன்.

"ஓம், எங்க எண்டுதான் கேக்குறேன்."

நான் அழுதுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அந்தப் பெண், "உம்மா, மிஸ்ஸி வந்துட்டா!" என்று கத்தியது அவருக்கும் கேட்டிருக்கும்.