தனி நாடு கேட்டவர் ஏற்றிய கொடி

2003 ஆகஸ்ட் பதினைந்து, காலை எட்டு மணி. ஃபியூஸ் கட்டைக்கு விலை கேட்க விருத்தாசலம் பீங்கான் பட்டறை ஒன்றுக்கு வந்திருக்கிறேன். இன்று விடுமுறை என்பதையே மறந்துவிட்டேன். சூளை எரிவதால் ஆட்கள் இருக்கிறார்கள்.

வாசலில், கொடிக்கம்பத்தின் அடியில், முதலாளி சிவலிங்கமும் அவருடைய தங்கை கணவர் கோவிந்தசாமியும் வாதாடுகிறார்கள். இருவருக்கும் எழுபது இருக்கும். வருடா வருடம் கொடியேற்றும் கதர்ச்சட்டை சிவலிங்கம், இன்று கயிற்றை மைத்துனர் கையில் திணிக்கிறார்.

"தனி நாடு வேணும்னு ஊர் ஊரா கத்துனவன் நான், மச்சான். நான் ஏத்துனா நல்லாவா இருக்கும்?" என்று கோவிந்தசாமி தயங்குகிறார்.

"எப்பங்க மனசு மாறுனீங்க?" என்று கோவிந்தசாமியைக் கேட்கிறேன்.

"சீனாக்காரன் சண்டைக்கு வந்தப்பங்க. எங்க கட்சி திராவிட நாடு கேக்கறத சட்டுனு விட்டுடுச்சி. எனக்குத்தான் ரெண்டு வருசம் ஆச்சி. பேசுன பேச்சையெல்லாம் எங்க கொண்டுபோயி வைக்கறது?"

சிவலிங்கம் குறுக்கிடுகிறார். "நான் பொறந்ததுலேருந்து ஒரே பக்கம் நின்னேன், அது சுலபம். நீதான் யோசிச்சி வந்தவன். நாப்பது வருசமா ஓரமா நின்னு பாத்தது போதும். இழு மாப்ள!"

கோவிந்தசாமி இழுக்கிறார். கொடி விரிந்து, சாமந்தி இதழ்கள் அவருடைய வழுக்கைத் தலையில் கொட்டுகின்றன. எல்லோரும் கைதட்டுகிறார்கள். களிமண் காயாத கைகளோடு பட்டறைப் பெண்கள் தேசிய கீதம் பாடுகிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோவிந்தசாமியும் மெல்லச் சேர்ந்துகொள்கிறார். திராவிடத்தின் பெயர் வரும் இடத்தில் மட்டும் அவர் குரல் அத்தனை பேரையும் தாண்டி எழுகிறது. சிவலிங்கம் பாட்டை விட்டுவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். கோவிந்தசாமி நிறுத்தவில்லை, சிரித்துக்கொண்டே கடைசி வரி வரை பாடுகிறார்.