கழலாத நட்டு

தூத்துக்குடியில் தோணி கட்டப் பலகை அறுத்துக் கொடுக்கும் பொன்னுதுரையின் மரக்கடையில் ஒரு பழைய வட்ட ரம்பம் துருவேறிக் கிடந்தது. 1943-ல் சண்டை மும்முரம். புது மெஷின் எதுவும் கப்பலில் வந்து இறங்கவில்லை. கையால் அறுக்கிறவர்களில் பாதிப் பேர் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டார்கள். பழசையே ஓடவைப்போம் என்று பொன்னுதுரை இஞ்ஞாசிக்கு ஆள் விட்டார்.

இஞ்ஞாசி கப்பலில் கரி தள்ளி, எஞ்சினுக்கு எண்ணெய் விட்டு, மெஷின் பழுதுபார்க்கும் பிட்டராகக் கரையேறியவர். ஒரு மெஷின் சொன்னபடி கேட்கவில்லையென்றால் அவருக்குச் சோறு இறங்காது.

"நாலு நாள்ல ஓட்டித் தாரேன் அண்ணாச்சி" என்றார்.

ரம்பத்தைத் தண்டோடு பிடித்திருந்த நட்டு அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். கரி நெருப்பு வைத்துக் காய்ச்சினார். நான்காம் நாள் ஸ்பானரில் நீளமான குழாயைச் சொருகித் தொங்கினார். ஸ்பானர் உடைந்தது, அவர் மரத்தூளில் மல்லாக்க விழுந்தார்.

"என்னவே, ரம்பம் ஓடுமா, நீரு ஓடப்போறீரா?" என்றார் பொன்னுதுரை.

ரம்பத்தை ஏசிக்கொண்டே எழுந்த இஞ்ஞாசியிடம், சோறு கொண்டுவந்த அவர் மனைவி கிளாடிஸ், "இரும்பப் போயி இப்படி ஏசுதீங்களே, அதுக்குக் காது கேக்குமா?" என்றாள்.

"ஏளா, நீ பேசாமப் போ."

மறுநாள் ஆத்திரத்தில் உளியை வைத்து ஓங்கி அடித்தார். உளி சறுக்கி, எதிர்ப்பக்கமாக அடி விழுந்தது. நட்டு கால் சுற்று கழன்றது!

குனிந்து பார்த்தார். இடது மரை; வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். ஓடும்போது கழன்றுவிடக் கூடாதென்று செய்தவன் மரையை மாற்றிப் போட்டிருக்கிறான். இத்தனை நாளும் அவர் அதை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். கப்பலில் இந்த மாதிரி எத்தனை நட்டைப் பார்த்தவர்! தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்து, தண்டு சுழலும் பேரிங். தேய்ந்துபோன ஈயத்துக்குப் பதில் ஊற்ற ஊரில் நல்ல ஈயம் இல்லை. உடைந்த எஞ்சின்களில் சுரண்டி எடுத்து உருக்கி ஊற்றினார். ஒருமுறை வெடித்தது, ஒருமுறை கோணிற்று. ஒருவழியாக நிலைத்தபோது ஒரு மாதம் ஓடியிருந்தது.

எண்ணெய் எஞ்சினை ஓட்டி பெல்ட்டை மாட்டியதும் ரம்பம் வீறிட்டுச் சுழன்றது. பொன்னுதுரையே ஒரு மரத்தைத் தள்ளினார். பழைய தோணியிலிருந்து பிரித்த மரம். உள்ளே புதைந்திருந்த ஆணி யார் கண்ணிலும் படவில்லை. படார் என்று பதினொரு பல் தெறித்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு இஞ்ஞாசி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பொன்னுதுரை தெறித்த பற்களைப் பொறுக்கினார்.

பதினெட்டு நாள் அரத்தோடு மல்லுக்கட்டி, ரம்பத்தைச் சுற்றிலும் ராவிக் குறைத்துப் புதுப் பல் வெட்டினார். ரம்பம் சிறுத்துப்போனதில் தோணிப் பலகை அறுக்க ஆழம் போதவில்லை. சண்டை முடியும்வரை துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி செய்யும் மெல்லிய பலகைதான் அறுத்தது. யாராவது இஞ்ஞாசியின் கைவேலையைப் புகழ்ந்தால், "அந்தப் பேச்ச விடும்வே" என்று எழுந்து போய்விடுவார்.