முதுகைப் பார்த்தே பெயர் சொல்பவர்

கடல் பூங்காவின் படகில் வழிகாட்டியாக இருக்கும் அம்மாளுக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர். மூக்கில் கண்ணாடி கிடையாது. படகின் அடித்தட்டில்தான் கண்ணாடி. அதைத் துடைத்து, அதன் வழியே பவளப்பாறையைப் பார்த்து, பார்த்ததை வாய் ஓயாமல் சொல்லியே பதினெட்டு வருடம் ஓட்டிவிட்டார்.

முதலில் ஈர மிதவைச் சட்டைகளைக் கயிற்றில் காயப்போடும் வேலைதான். வழிகாட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாள், "நீ ஏறு, தெரிஞ்சதைச் சொல்லு" என்று ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது ஆமை மட்டும்தான். ஆமை வரவில்லை. நாற்பது நிமிடமும் தண்ணீரைப் பற்றியே பேசிச் சமாளித்தார். மறுநாளும் பயணிகள் அவரைத்தான் கேட்டார்கள்.

நீச்சலா? கணுக்காலுக்கு மேல் அவர் கடலை நம்பியதே இல்லை.

இந்த வருடம் புதிதாக ஒரு கண்காணிப்பாளர் வந்தார். பாதி ஆயுளை முக்குளித்தே கழித்தவர். வழிகாட்டிகளுக்கெல்லாம் தேர்வு வைத்தார்: இருபது படம், பதினாலுக்காவது சரியான பெயர். தவறினால் படகு கிடையாது, டிக்கெட் ஜன்னல்தான். அங்கே உட்கார்ந்தால் ஓட்டை வழியே நீளும் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

முதல் படத்தில் மஞ்சள் தட்டு மாதிரி ஒன்று. அக்கா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"சார், இது நம்ம கடல்லதான் இருக்கா?"

"தினமும் உங்க படகுக்குக் கீழேதான் இருக்கு."

ஆமை, நட்சத்திர மீன், கடல் அட்டை, திருக்கை நான்கும் சரி. கிளிமீன் உட்பட மற்ற பதினாறும் போச்சு. "திங்கட்கிழமையிலிருந்து ஜன்னலுக்கு வந்துடுங்க" என்றார் கண்காணிப்பாளர்.

படகை ஓட்டுபவர் அக்காவின் கணவர். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார். "ஊருக்கெல்லாம் கிளிமீனைக் காட்டினவ, கிளிமீனையே பார்த்து 'யாருங்க நீங்க'ன்னு கேட்டியாமே?"

"சும்மா இருங்க. எரியிற அடுப்புல எண்ணெய் ஊத்தாதீங்க."

தேர்வுப் படங்கள் இருந்த புத்தகத்தை அடுக்களை மேடையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்த அக்கா, திடீரென்று கரண்டியைப் போட்டார்.

"ஏங்க! இதெல்லாம் பக்கவாட்டுல எடுத்த படம்! இதுங்க மூஞ்சியை நான் என்னிக்குப் பார்த்தேன்? மேலேயிருந்து பார்க்கறவளுக்கு எல்லாமே முதுகுதானே! தப்பாம சொன்ன நாலும் தட்டையாப் படுத்துக் கிடக்கற சாதி. அதுங்களை மட்டும் மேலேயிருந்து எடுத்திருக்காங்க!"

கணவர் சிரித்த சிரிப்பில் புரையேறியது. "இதைப் போய் அதிகாரிகிட்ட சொல்லிப் பாரு."

"சொல்லத்தான் போறேன்."

சொன்னார். "சாக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் கண்காணிப்பாளர்.

"சாக்குன்னா ஒரு தடவை ஏறிப் பாருங்க. நீங்களே இருபது காட்டுங்க சார். பதினாலுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் ஜன்னல்ல போய் உக்காந்துக்கறேன்."

ஏறினார். பாறைக்கு மேலே இயந்திரத்தை நிறுத்தினார்கள். கண்காணிப்பாளர் கண்ணாடிக்குக் கீழே ஒரு மஞ்சள் கோட்டைக் காட்டினார்.

"வண்ணத்துப்பூச்சி மீன். ஜோடி பின்னாடியே வரும் பாருங்க" என்றார் அக்கா.

ஜோடி வந்தது. பாறை இடுக்கில் நுழைவதற்காக இரண்டும் சாய்ந்தபோது, கோடு தட்டாக விரிந்தது.

"அட, நேத்து நீதானா!" என்று அக்கா கண்ணாடியில் தட்டினார். பின்னாலிருந்து கணவர், "மன்னிப்பு கேளு, பாவம்" என்றார்.

ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்கள் வந்தன. கலங்கலில் இரண்டு தவறின. இருபதாவதாக நீலமாக ஒன்று ஓடியது. கண்காணிப்பாளர் பென்சிலைக் கடித்தார்.

"சொல்லுங்கம்மா."

"நீங்க சொல்லுங்களேன் சார்."

"மேலேயிருந்து பார்த்தா... எனக்கே பிடிபடலையே."

"கிளிமீன். இப்போ பாறையைக் கடிக்கும்."

கடித்தது.

பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "படகு உங்களுக்குத்தான். ஆனா படத் தேர்வு சட்டத்துல இருக்கு. அடுத்த மாசம் திரும்பவும் எழுதணும்."

அக்கா அந்த மாதம் முழுக்கப் புத்தகமும் கையுமாக அலைந்து, பதினைந்து வாங்கினார். தவறிய ஐந்தைப் பற்றி அவருக்குத் துளியும் வருத்தமில்லை.

"அதுங்க படத்துக்குன்னு ரொம்ப அழகா நின்னிருக்கு சார்" என்றார். "நம்மகிட்ட அப்படியெல்லாம் நிக்கறதில்லை."